அறிவியலும் சட்டமும் இணையும் காப்புரிமைத் தொழில்

(ஜமாஅத் கல்வி விழாவில் ஆற்றப்பட்ட உரை)

 

நம் பிள்ளைகள் பலர் வேதியியலும் பொறியியலும் பயின்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் பணிபுரிகின்றனர். அறிவியல் பட்டதாரிக்கு ஆலையையும் ஆசிரியப் பணியையும் விட்டால் வேறு வழியில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அப்படிப்பையே அடித்தளமாகக் கொண்டு சட்டத்துறையில் உயர்வதற்கும் வழியுண்டு.

பேட்டன்ட் எனப்படும் காப்புரிமை, புதிய கண்டுபிடிப்பை முழுமையாக வெளிப்படுத்துபவருக்கு அரசு 20 ஆண்டுகளுக்கு வழங்கும் தனியுரிமையாகும். அதற்கான விண்ணப்பத்தை எழுதுபவர் ஆய்வகத்தின் மொழியையும் சட்டத்தின் மொழியையும் ஒருங்கே அறிந்திருக்க வேண்டும்.

இப்பணியின் பொறுப்பு எத்தகையது என்பதற்குச் சென்னையிலேயே சான்றுண்டு. இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளீவெக்கின் ஒரு படிக வடிவத்திற்குக் காப்புரிமை கோரி, நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. முன்பே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டிருந்தாலன்றிக் காப்புரிமை பெறாது என்பது சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்நிறுவனத்தின் மருந்துக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த மருந்துக்குச் சுமார் 10,000 ரூபாய். படிகத்தைப் பற்றிய வேதியியல் வாதத்தில் ஏழை நோயாளிகளின் வாழ்வே அடங்கியிருந்தது!

காப்புரிமை முகவராவதற்கு இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் ஆகியவை வேண்டும். காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். சட்டப் பட்டம் கட்டாயமன்று. முகவர் விண்ணப்பம் தயாரித்து, காப்புரிமை அலுவலர் முன் வாதிடலாம். நீதிமன்றத்தில் வழக்காட விரும்புவோர் சட்டமும் பயின்று வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டும். நம் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூரிலேயே 2018 முதல் அரசு சட்டக் கல்லூரி இயங்கி வருகின்றது.

ஆலைகளில் பணிபுரியும் இளைஞர்களுக்கும் பட்டறை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயந்திரத்திலோ செய்முறையிலோ புதுமை கண்டால், விண்ணப்பிக்கும் முன் அதைக் கண்காட்சியில் வைக்காதீர்கள், பத்திரிகையிலும் வெளியிடாதீர்கள். அவ்வாறு வெளிப்பட்டது பொதுவாகப் புதுமை என்னும் தகுதியை இழந்துவிடும். முதலில் தற்காலிக விண்ணப்பம் அளித்து, 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைத் தாக்கல் செய்யலாம். தனிநபர் இணையவழியில் செலுத்தும் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக் கட்டணம் தனி. ஊதியம் பெற்றுப் பணிபுரிவோர், கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் எனத் தம் பணி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதைப் படித்தறிவது அவசியம்.

பெற்றோர்களே! அறிவியல் பயிலும் மகனுக்கும் மகளுக்கும் இப்படியொரு துறை இருப்பதை எடுத்துரையுங்கள். நம் கைகள் உழைத்துக் கண்ட புதுமை நம் பெயரிலேயே பதிவாக வேண்டும். அதனைப் பதிவு செய்யும் அறிவும் நம்மிடையே வளரட்டும், இன்ஷா அல்லாஹ்.