கண்ணுக்குத் தெரியாததைக் காண்பவர்கள்



ஆசியாவின் உணவுத் தேவை இனி அரிசியால் மட்டும் வளரப்போவதில்லை. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் ஒருவர் உண்ணும் அரிசி பல பத்தாண்டுகளாகக் குறைந்துவருகிறது. ஆசிய நகரங்கள் கூடுதலாகக் கேட்பவை இறைச்சி, முட்டை, பால், பழம். சீனா ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் சோயாபீன்ஸ் வாங்குகிறது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகிறது.

வாய்ப்பு பெரிது. அது எப்படிக் கைநழுவுகிறது என்பதையும் பாருங்கள். 2022 ஜூலையில் வியட்நாமின் டுரியன் பழத்துக்குச் சீனா முறையாக அனுமதி தந்தது. அடுத்த ஆண்டே வியட்நாமின் டுரியன் ஏற்றுமதி 200 கோடி டாலரைத் தாண்டியது. காப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு டுரியன் நட்டவர்கள் பலர். 2025 ஜனவரியில் சீனா புது நிபந்தனை விதித்தது: மஞ்சள் சாயம், காட்மியம் இரண்டுக்கும் ஆய்வகச் சான்று வேண்டும். ஏற்றுமதி சரிந்தது. சாயம், பழத்துக்கு நிறமேற்ற யாரோ பூசியது. காட்மியம் என்ற கன உலோகமோ மண்ணிலிருந்தும் பாஸ்பேட் உரத்திலிருந்தும் வரக்கூடியது. யோக்கியமாகப் பாடுபட்ட விவசாயியும் சேர்ந்து அடி வாங்கினார்.

நம் இறாலுக்கும் இது நேர்ந்தது. தீவனத்திலுள்ள மீன்தூள் கெடாமலிருக்கச் சேர்க்கும் எத்தாக்சிக்வின், 0.01 பிபிஎம் அளவைத் தாண்டியதென்று 2012-இல் ஜப்பான் நம் இறாலைத் திருப்பி அனுப்பியது. தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று குளத்துக்காரர் எப்படி அறிவார்?

அறிய வேண்டியவர்கள், இன்று பட்டம் பெறும் வேளாண் பட்டதாரிகளாகிய நீங்கள். உங்களில் பலர் வங்கித் தேர்வுக்குப் படிப்பது எனக்குத் தெரியும். குடும்பச் சூழல் அப்படி, தவறில்லை. ஆனால் களத்துக்கு வருபவர்களிடம் மனதாரக் கேட்கிறேன். மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதை விவசாயிக்குச் சொல்லி, அவர் கையாலேயே தேதியைக் குறிக்கச் செய்யுங்கள். ஏற்றுமதிக்குப் பயிரிடும் நிலமென்றால், மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்தோடு நின்றுவிடாமல் கன உலோகத்தையும் பாருங்கள். நாகப்பட்டினத்து இறால் குளங்களுக்கும், வளைகுடாவுக்கு முட்டை அனுப்பும் நாமக்கல் பண்ணைகளுக்கும் பக்கத்திலேயே நம்பகமான ஆய்வகங்கள் பெருக வேண்டும். சொந்தத் தொழில் தொடங்க எண்ணுபவர்கள் வங்கிக் கடனுக்குப் போகும்போது, முதலில் அப்படியொரு ஆய்வகத்துக்குக் கேளுங்கள்.