கயிறும் செப்புக்கோடும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள் இருவரும் இன்று மின்சுற்றுப் பலகை வடிவமைக்கிறோம். என்ன வேலை என்று கேட்பவர்களிடம், பச்சைப் பலகையில் செப்புக்கோடு கீறுகிறோம் என்று சொல்லித் தப்பிவிடுவோம். இன்று தப்ப முடியாது போலிருக்கிறது.

பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி மறு நுனியை உதறினோமே, நினைவிருக்கிறதா? துடிப்பு ஓடிப்போய்த் தெறித்துத் திரும்பி வந்தது. செப்புக்கோட்டில் ஓடும் சைகையும் அப்படித்தான். கண்ணாடியிழைப் பலகையில் அது ஒரு நனோ செக்கனில் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் போகும். கோட்டின் தடங்கலுக்கு ஈடான தடை இரு நுனியிலும் இல்லாவிட்டால், அலை முன்னும் பின்னும் அலையும்.

சில ஆண்டுகளுக்கு முன், இதயத் துடிப்பைக் காட்டும் கருவியொன்றின் பலகை எங்கள் பொறுப்பில் இருந்தது. நெடுநாள் ஒழுங்காக இயங்கிய வடிவம். புதிதாகச் செய்த தொகுதியில் மட்டும், பரிசோதனையின்போது திரை இடையிடையே உறைந்து நின்றது. நோயாளியின் கட்டிலருகே அப்படி நின்றால்? மூன்று கிழமை மென்பொருளைக் குறை சொன்னோம். எங்களுடன் வேலை செய்த இளம் பிள்ளை, "அக்கா, கடிகாரச் சைகையை ஒருக்கால் பாப்பமா?" என்றாள். "25 மெகாஹேட்ஸ்தானே, அதில என்ன கிடக்கு?" என்று வாயை அடைத்துவிட்டோம்.

அன்று பின்னேரம் அவள் தனியே இருந்து அலைவுகாட்டியைப் பொருத்தினாள். சைகை ஏறும் இடத்திலெல்லாம் ஒரு நடுக்கம். ஒரு ஏற்றத்தைச் சில்லு இரண்டாக எண்ணியிருக்கிறது. சில்லின் இலக்கம் பழையதுதான். உள்ளே புதிய தயாரிப்பு. முன்பு 5 நனோ செக்கனில் ஏறிய சைகை இப்போது ஒன்றில் ஏறியது. கோடோ ஏறத்தாழ ஒரு சாண். அலை போய்வர 3 நனோ செக்கன் வரை எடுக்கும். மெதுவாக ஏறியபோது தெறிப்பு அந்த ஏற்றத்துக்குள்ளேயே மறைந்தது. இப்போது தனியே வெளியில் தெரிந்தது. செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பதைப் பார்த்தோமே தவிர, ஒவ்வொன்றும் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று பார்க்கவில்லை.

அனுப்பும் சில்லின் காலடியில் 33 ஓம் தடையொன்றை வைத்தோம். சில்லின் சொந்தத் தடையுடன் சேர்ந்து கோட்டின் 50 ஓமுக்குக் கிட்ட வந்தது. திரும்பி வந்த அலை அங்கேயே அடங்கியது. அறிக்கையில் முதற்பெயராக அவளுடையதை எழுதினோம்; மன்னிப்பும் கேட்டோம்.

அந்தப் பலகையையும் ஒரு நீளக் கயிற்றையும் கொண்டுவந்திருக்கிறோம். உயர்தர வகுப்புத் தங்கைமார் தேநீருக்குப் பிறகு ஆய்வுகூடத்துக்கு வாருங்கள்.