செயற்கை மூட்டுக்கும் ஒரு பாஸ்புக்

(நமது நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். உனக்கு எதற்கு இந்தத் தலைப்பு என்று நண்பர் ஒருவர் கேட்டார். தேய்மானம் என்பது எங்கள் பாடமாயிற்றே என்றேன். இயந்திரம் தேய்வதை ஆண்டுதோறும் பேரேட்டில் எழுதுவோம். உடம்புக்குள் வைத்த செயற்கை மூட்டும் தேய்கிறது. அதை எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

நம் கன்னிவாடியில் முழங்கால் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களை எல்லோருக்கும் தெரியும். கணுக்கால் மாற்று அபூர்வம். பைக் விபத்தில் எப்போதோ உடைந்த கணுக்கால், பல ஆண்டு கழித்துத் தேய்ந்து வலிக்கும்போதுதான் அந்தப் பேச்சு வரும். மூட்டை அசையாதபடி இணைத்துவிடுவது பழைய வழி. மாற்றுவதென்றால் மேலும் கீழும் உலோகம், நடுவில் பிளாஸ்டிக். சிறிய இடம், ஆனால் ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை.

அந்தப் பிளாஸ்டிக் தேயும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் உதிர்கிறது. உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன, செரிக்க முடிவதில்லை. அந்தப் போராட்டத்தில் எழும் அழற்சி, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. மூட்டைச் சுற்றி எலும்பில் ஓட்டை விழுகிறது. கதவு நிலையைக் கரையான் அரிப்பது போலத்தான்: வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். நோயாளிக்கு வலியே இல்லாமல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியும், சி.டி. ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியும். சீக்கிரம் கண்டால் ஓட்டையில் எலும்பை நிரப்பி, பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றிச் சமாளிக்க வாய்ப்புண்டு. தாமதமானால் உலோகமே ஆட்டம் கண்டு உள்ளே இறங்கிவிடும். அப்போது புதிதாக வைக்கவும் பிடிமான எலும்பு இருக்காது.

அமெரிக்காவில் எக்ஸாக்டெக் என்ற நிறுவனம் முழங்கால், கணுக்கால் பிளாஸ்டிக் பாகங்களை 2021-இல் திரும்பப் பெறத் தொடங்கி, 2022-இல் அதை விரிவாக்கியது. குறை எங்கே தெரியுமா? பொட்டலத்தில். ஆக்சிஜனைத் தடுக்கும் ஓர் உறை அடுக்கு அதில் விட்டுப்போயிருந்தது. காற்றுப்பட்ட முறுக்கு நமத்துப்போவது போல, பிளாஸ்டிக் வைக்கும் முன்பே கெடத் தொடங்கி, சீக்கிரம் தேயும் நிலைக்கு வந்திருந்தது.

நம் நாட்டுக் கதைதான் எனக்கு அதிக வருத்தம். டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்தது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட், குரோமியம் கசிந்து சதையையும் எலும்பையும் கெடுத்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. மத்திய அரசு 2017-இல் அமைத்த நிபுணர் குழு ஆராய்ந்தபோது, 3,600-க்கும் மேற்பட்டோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. 2018-இல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுக்குச் சூத்திரம் வகுத்தார்கள். கணக்கு வைத்திருப்பவர் முகவரியே இல்லாமல் வட்டி போட்டால் யாரிடம் கொடுப்பது?

செயற்கை மூட்டு வரும் பெட்டியில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். நிறுவனம், அளவு, லாட் எண் எல்லாம் அதில் உண்டு. ஒன்று மருத்துவமனை கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும். இன்னொன்றை உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு கொடுத்து வாங்கிய பொருள் அது. காப்பீட்டில் செய்திருந்தாலும் கேட்கலாம். வீடு மாறினால், போன் எண் மாறினால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்கிறோம் அல்லவா? வலி இல்லாவிட்டாலும் அதே மாதம் மூட்டு மருத்துவரிடம் போய், எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஓட்டை வளர்வது தெரியும்.

வரும் ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அறையில் இருப்பேன். மூட்டு மாற்றியவர்கள் ஃபைலை எடுத்து வாருங்கள். எண்களைக் குறித்து, நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். ஜெராக்ஸ் செலவு சங்கத்துடையது, பொருளாளர் தலையாட்டிவிட்டார்.