முழங்கால் தேய்ந்தால் முடங்க வேண்டுமா?

(தோட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் இந்த மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று முழங்காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்கள் இளைஞர்கள், தூணோரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் சிரிக்கவில்லை.

விடியுமுன் பிரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் மரம் மரமாய்க் குனிந்தும் குந்தியும் வெட்டி, காண்டாவாளியில் பால் சுமந்த கால்கள் நம்முடையவை. 1967ஆம் ஆண்டில் புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். இன்று நம் மலாக்காத் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. மரம் மாறினாலும் அன்று சுமந்தவர்களின் முழங்கால் மாறவில்லையே!

சமதரையில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் விழுகிறது. படி ஏறினால் இன்னும் கூடும். மேலே ஒரு வாளிப் பாலும் ஏறினால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால், “கால் தேஞ்சு போச்சு, இனி அவ்வளவுதான்” என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. மூட்டு என்ன லாரி டயரா? எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள பொருள். அதற்கு இரத்தக் குழாய் இல்லை. கால் அசைந்தால்தான் மூட்டு நீரிலிருந்து அதற்கு ஆகாரம் சேரும். வலிக்கிறதென்று படுத்துவிட்டால் தொடைச் சதை மெலிகிறது. சதை மெலிந்தால் பாரம் முழுதும் மூட்டின்மேல் விழுகிறது. வலி கூடுகிறது, மறுபடியும் படுக்கிறோம். இந்தச் சுழலில்தான் நம் தாய்மார்கள் பலர் அகப்பட்டுக் கிடக்கிறார்கள்.

இதை உடைக்கும் வைத்தியந்தான் பிசியோதெரபி. அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று பயிற்சி. மற்றொன்று, பயின்றவர் தம் கையால் மூட்டை மெல்ல இழுத்தும் அசைத்தும் மடக்கியும் இறுக்கத்தைத் தளர்த்துவது. எண்ணெய் போட்டு உருவுவது வேறு, இது வேறு. உருவுகிறவரை நாங்கள் பழிக்கவில்லை. சற்று நேரம் சுகம் கிடைக்கும். தொடைக்குப் பலம் கிடைக்காது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து இராணுவ ஆஸ்பத்திரியில் முழங்கால் தேய்ந்த 83 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குக் கை வைத்தியமும் பயிற்சியும். மறு சாராருக்குப் பெயருக்கு ஒரு கருவியை வைத்து எடுத்தார்கள். முடிவை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஓராண்டில் மறு சாராரில் நூற்றுக்கு 20 பேர் முழங்கால் ஆப்பரேஷனுக்குப் போனார்கள். வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேர்தான். பின்னர் 2013இல் நியூஸிலாந்தில் 206 பேரிடம் பார்த்தபோது, பயிற்சியும் பலன் தந்தது, கை வைத்தியமும் பலன் தந்தது. இரண்டையும் சேர்த்ததால் பலன் இரட்டிக்கவில்லை. ஆகவே கை வைத்தியம் கிடைக்கவில்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். பயிற்சிக்குக் காசும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்.

இடுப்பு மூட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். தொடை இடுக்கில் வலி, சப்பணமிட முடியாமை, குனிந்து செருப்பு மாட்ட முடியாமை இவை அதன் அடையாளம். சில சமயம் கெட்டது இடுப்பாக இருக்கும், வலிப்பது முழங்காலாக இருக்கும்! முழங்காலுக்கே எண்ணெய் தடவி வருஷத்தை ஓட்டியவர்கள் உண்டு. இடுப்புக்குப் பயிற்சியின் பலன் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

டவுன் கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்காய் விழுங்குகிறவர்களே, அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு இன்னும் கேடு. மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் பயிற்சி வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனிக் கிராணிமார்களிடம் ஒரு வார்த்தை. பாலோடு வழுக்கி விழுந்தவரை, “போய்ப் படு, நாளைக்குச் சரியாகும்” என்று அனுப்பிவிடுவது நம் தோட்டங்களில் பழகிப்போன வழக்கம். அன்று கிழிந்த மூட்டுச் சவ்வு பத்து வருஷம் கழித்துத் தேய்மானமாய் வந்து நிற்கும். அப்போது கேட்டால், “வயசாச்சு” என்பார்கள். விழுந்த அன்றே எழுதிவையுங்கள். 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த உரிமை இது. அதே சொக்சோவின் மறுவாழ்வு நிலையம் 2014 முதல் நம் மலாக்காவிலேயே, ஹங் துவா ஜெயாவில் இருக்கிறது. வேலையில் காயம்பட்டவர்களுக்கும் உழைக்கும் ஆற்றலை இழந்த சந்தாதாரர்களுக்கும் பயிற்சி தரும் இடம் அது. வலியோடு வாசலில் போய் நின்றால் சேர்க்கமாட்டார்கள். சொக்சோ வழியாகத்தான் போகவேண்டும். அதற்குத்தான் உங்கள் பேனா வேண்டும். மற்றவர்கள் அரசாங்க டாக்டரிடம் பிசியோதெரபிக்குச் சீட்டு கேளுங்கள். மாத்திரை மட்டும் தந்தால், வாயைத் திறந்து கேளுங்கள்.

கைத்தடி வைத்திருக்கும் பெரியவரே, வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்கவேண்டும். மாற்றிப் பிடியுங்கள்... ஆ, அப்படித்தான்.

இப்போது எல்லாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை நேரே நீட்டித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்து, மெல்ல இறக்குங்கள். இப்படிப் பத்து முறை. பிறகு மறு கால். அடுத்தது, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முடியாதவர்கள் முதலில் ஊன்றியே செய்யலாம். கொஞ்சம் வலித்தால் அஞ்சவேண்டாம். மறுநாளும் வலி தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள். தூணோரத்துத் தாய்மார்களே, நீங்களும் எழுந்து இந்த நாற்காலிக்கு வாருங்கள். இளைஞர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். ஒன்று... இரண்டு...