அறிவுரையா? ருசியா? – ருசியே!



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அருமையாகப் பேசினார். நார்ச்சத்து என்றார், இரும்புச்சத்து என்றார். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியைக் காட்டி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்றார். எல்லாம் சரிங்க. இதைக் கேட்டு இந்த அரங்கத்தில் யாருக்காவது நாக்கில் எச்சில் ஊறிச்சா? (சிரிப்பு) தெரியாமலா சாப்பிடாமல் இருக்கிறோம்? தட்டு ஓரத்தில் கோஸை ஒதுக்குகிறானே பையன், அவன் 'காய்கறியின் நன்மைகள்' கட்டுரைக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கினவன்!

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு அறுபது வயசில் சர்க்கரை வந்தது. "சோற்றைக் குறை, காயைக் கூட்டு" என்றார் டாக்டர். அன்றைக்கே அம்மா எண்ணெயை நிறுத்தினார், தேங்காயைத் தடை செய்தார், புடலங்காயை வேகவைத்து, வெந்ததை மறுபடியும் வேகவைத்தார். அப்பா வாயே திறக்க மாட்டார். பேருக்குச் சாப்பிட்டுவிட்டு, "சித்த நடந்துட்டு வரேன்" என்று கிளம்புவார். டாக்டர் சொன்னபடி நடக்கிறாரே என்று எங்களுக்கும் சந்தோஷம். நாலு மாசமாகியும் சர்க்கரை இறங்கவில்லை. ஒருநாள் பின்னாலேயே போனேன். தெருமுனை பஜ்ஜிக் கடையில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் பஜ்ஜியைத் துண்டுக்குள் மறைத்தார். (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள், எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது ஐயா. வாழ்நாளெல்லாம் நிமிர்ந்து நடந்த மனுஷன், ஒரு வாழைக்காய் பஜ்ஜிக்காகப் பெற்ற பிள்ளைக்குப் பயந்து நிற்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் அப்பாவைத் திட்டவில்லை. மறுநாள் புடலங்காயோடு பயத்தம்பருப்பு சேர்த்து, அரைப்பதம் வெந்ததும் இறக்கி, கடுகு தாளித்து, ஒரு பிடி தேங்காய் தூவினார். பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்து, புளித்தண்ணீரில் வேகவைத்தார். உப்பு, கசப்பை நாக்குக்குத் தெரியாமல் அமுக்கிவிடும். இது விஞ்ஞானமும் ஒத்துக்கொண்ட சங்கதி. வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்கி, அகல வாணலியில் மூடாமல் வதக்கினார். வழவழப்பு போச்சு. கோஸைக் குழைய விட்டால்தான் கந்தக வாடை கிளம்பும். பதத்தில் எடுத்தால் அதுவே இனிக்கும். அன்றைக்கு அப்பா இரண்டாவது தடவை தட்டை நீட்டினார்.

"ருசி என்றால் எண்ணெய்தானே?" என்று எதிரணி கேட்கும். தாளிக்க ஒரு ஸ்பூன் ஐயா! அதை நீங்கள் மிச்சம் பிடித்தீர்கள், பஜ்ஜிக் கடைக்காரர் வட்டியோடு வசூல் பண்ணிக்கொண்டார்.

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் பசியாறின. சோறு, சாம்பார் என்று வருஷக்கணக்காக ஓடியது. 2013-இல் என்ன செய்தார்கள்? காய்கறி பிரியாணி, கீரை சாதம், தக்காளி சாதம் என்று கலவை சாதமாக மாற்றினார்கள். 2022-இல் வந்த காலை உணவுத் திட்டத்திலும் உப்புமாவுக்குத் தொட்டுக்கொள்ளக் காய்கறி சாம்பார்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் போய் வைட்டமின் சொற்பொழிவா செய்தார்கள்? காயைச் சோற்றுக்குள்ளேயே கலந்து மணக்க வைத்தார்கள்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். அதே காய், அதே சமையல், பெயர்ச்சீட்டு மட்டும் வேறு. நாக்கில் நீர் ஊறும்படி பெயர் வைத்த நாட்களில், வெறும் பெயர் வைத்த நாட்களைவிட 25 சதவீதம் அதிகம் பேர் காயை எடுத்தார்கள். உடம்புக்கு நல்லது என்று எழுதி வைத்தால்? வெறும் பெயருக்குக் கிடைத்த மரியாதைகூட அதற்கு இல்லை! ஆனால் அதே ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் இன்னொன்றும் சொன்னார்கள். பெயருக்கேற்ற ருசி இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். இங்கே சிப்காட் வளாகத்துக்குள் கேண்டீன் நடத்துகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கேளம்பாக்கத்தில் திரும்பினால் கோவளம், அங்கே மீன் வறுக்கிறான். அந்த வாசனையோடு உங்கள் அவித்த பீன்ஸ் போட்டி போட வேண்டும்! (கைதட்டல்)

தமிழாசிரியன் இலக்கியம் பேசாமல் இறங்கினால் சம்பளம் செரிக்காது. குறுந்தொகையில் கூடலூர் கிழார் ஒரு புது மனைவியைக் காட்டுகிறார். புகையில் கண் கலங்க, தயிர் பிசைந்த கையோடு புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் ருசித்துச் சாப்பிடுகிறான், அவள் முகம் மலர்கிறது. அவன் ருசியைத்தான் பாராட்டினான். "இதில் கலோரி எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் சங்க இலக்கியத்தில் ஒரு பாட்டு குறைந்திருக்கும்.

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். அதற்கப்புறமும் அப்பா தினம் நடக்கப் போனார், பஜ்ஜிக் கடை இல்லாத தெரு வழியாக. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்: "ஐயாவைக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"