பக்கம் 41ஐத் திறக்க முடியாத ஒப்பந்தம்

(ஓமந்தையில் நடந்த அங்கத்தவர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இந்த மாவட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் சொந்தங்கள் இன்னும் லயத்தில்தான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது, "கடதாசியில என்ன எழுதியிருக்கு?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். வர்த்தமானியோ ஒப்பந்தமோ, இப்போது பிடிஎஃப் ஆகத்தான் போனுக்கு வருகிறது.

நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறேன். நீண்ட கூட்டு ஒப்பந்தமொன்றைக் கலரில் ஸ்கேன் பண்ணி இணைப்பு அனுப்பினோம். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மேலதிகக் கொழுந்துக்குக் கிலோவுக்கு எவ்வளவு என்று அம்மாவுக்குப் பார்க்கத் திறந்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போட்ட ரீலோட் முடிந்தது. மறுநாள் பெரட்டுக்களத்தில் சொன்ன கணக்கையே அம்மா ஏற்றுக்கொண்டார்.

ஏன் இப்படி? ஸ்கேன் செய்த பக்கம் எழுத்தல்ல, படம். அதில் தேட முடியாது, பாரமும் அதிகம். டைப் செய்தாலும் பாமினியில் செய்தால் தேடுவது சரிவராது. 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும்! (நானும் பாமினியில் பழகியவன்தான்.) யுனிகோடில் அடித்து, அதிலிருந்தே பிடிஎஃப் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. எந்தப் பக்கம் எங்கே என்ற அட்டவணை பிடிஎஃப் கோப்பின் கடைசியில் இருக்கும். முதல் பக்கத்துக்கு வேண்டியதை முன்னுக்குக் கொண்டுவந்து கோப்பை ஒழுங்குபடுத்தலாம். கியூபிடிஎஃப் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். கோப்பை வைத்திருக்கும் சேர்வர் துண்டு துண்டாகக் கொடுக்கக்கூடியதாக இருந்தால், முழுவதும் இறங்கும் முன்பே பிரவுசர் முதல் பக்கத்தைக் காட்டிவிடும்.

இணைப்பின் கடைசியில் #, அதோடு ஆங்கிலத்தில் 'பேஜ்', சமக்குறி, 41 என்று இடைவெளி விடாமல் சேர்த்தால் கணினிப் பிரவுசர் நேரே 41ஆம் பக்கத்தில் திறக்கும். சில போன்களில் இது வேலை செய்யாது. ஏ4 பக்கம் சின்னப் போனில் எறும்பு மாதிரியும் தெரியும். ஆகவே சம்பளம், லீவு, கொழுந்துக் கணக்கு ஆகிய பிரிவுகளைச் சாதாரண வலைப்பக்கமாகத் தனியாகப் போடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

அந்த ஒப்பந்தத்தை முழுவதும் திருப்பி அடிக்க வேண்டும். யுனிகோடில் அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைக் கொடுங்கள். கொழுந்துக் கணக்கு இருக்கும் பக்கத்தை முதலில் அடிப்போம்.