படிப்பு முடிந்த பிறகு வரும் சில மாதங்கள்

(செவிலியர் மாணவியரைத் தாங்கிவரும் ஆதரவாளர்களின் கூட்டத்தில், நமது செவிலியர் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையால் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் வழக்கமாக எங்களிடம் கேட்பது, "நன்றாகப் படிக்கிறார்களா? தேறிவிட்டார்களா?" என்பதே. இன்று அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கடைசித் தேர்வு எழுதிய நாளிலிருந்து முதல் வேலையில் அமரும் நாள் வரை சில மாதங்கள் உண்டு. நீங்கள் மூன்று வருஷம் தாங்கியதன் பலன் அந்தச் சில மாதங்களில்தான் கைக்கு வருகிறது, அல்லது கைநழுவிப் போகிறது.

நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மேற்படிப்புக்கு வந்தவர்கள். தகப்பனார் கூலி வேலை செய்கிறார், அல்லது கடலுக்குப் போகிறார். தாயார் பீடி சுற்றுகிறார். வீட்டில் ஒருவரும் நேர்முகத் தேர்வுக்குப் போனதில்லை. நள்ளிரவில் மூச்சுத் திணறும் நோயாளியின் அருகில் நிதானமாக நிற்கும் பெண், மேஜைக்கு அந்தப்புறம் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். தெரிந்த பதிலும் வாயில் வருவதில்லை. ஆகவே மூன்றாம் வருஷத்திலேயே இதற்கென்று நேரம் ஒதுக்கிப் பழக்குகிறோம்.

முதலில் பெயர். இது சிறிய காரியமாகத் தோன்றும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ஆதார் அட்டையில் அதே எழுத்து பின்னால். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுவதும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் வேறொன்று என்று இருப்பவர்களும் உண்டு. நம் ஊரில் இது யாருக்கும் குழப்பமில்லை. வெளியே சான்றிதழ்களைச் சரிபார்க்கிறவருக்கோ இவர்கள் மூன்று பெண்கள். படிக்கும் காலத்திலேயே இதைத் திருத்திக்கொள்ளச் சொல்கிறோம். அடுத்து, தேறியவுடன் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் டிப்ளமோ மட்டும் இருந்தால் செவிலியராகப் பணிசெய்ய முடியாது.

பிறகு பயோடேட்டா. கடைகளில் தட்டச்சு செய்து தரும் பயோடேட்டாவில் பிறந்த தேதி, மதம், பொழுதுபோக்கு எல்லாம் இருக்கும். வேலை கொடுக்கிறவர் தேடுவது இருக்காது. எங்கள் பிள்ளைகள் ஒரே பக்கத்தில் எழுதப் பழகுகிறார்கள். எந்த வார்டில் எத்தனை வாரம் பணிசெய்தேன், தீவிர சிகிச்சைப் பிரிவில் எதைக் கையாண்டேன், பிரசவ அறையில் எத்தனை பிரசவம் நானே பார்த்தேன் என்பவை அதில் வர வேண்டும். இவையெல்லாம் அவர்களுடைய பதிவேட்டிலேயே இருக்கின்றன. எடுத்து எழுதத்தான் தெரிவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம்: செய்யாத வேலையைச் செய்ததாக எழுதக் கூடாது. பணம் கொடுத்தால் இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகர்கள் உண்டு. வளைகுடா நாடுகளில், உரிமம் தருவதற்கு முன்னால் அந்தச் சான்றிதழ் புறப்பட்ட மருத்துவமனைக்கே எழுதிக் கேட்கும் முறை இருக்கிறது. பொய் என்று தெரிந்தால் அந்த விண்ணப்பத்தோடு போகாது. பிற்பாடு உண்மையான சான்றிதழோடு போனாலும் கதவு திறப்பது கடினம்.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்? "இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்குக் குளிரும் நடுக்கமும் வருகிறது. என்ன செய்வாய்?" முதலில் மருத்துவரைக் கூப்பிடுவேன் என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். முதலில் இரத்தத்தை நிறுத்த வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். "500 மில்லி திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?" ஏறத்தாழ 21. இவை பழகினால் வந்துவிடும். கடினமான கேள்வி வேறு: "மருத்துவர் எழுதிய மருந்தின் அளவு தவறு என்று உனக்குத் தோன்றுகிறது. என்ன செய்வாய்?" பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளை இதில் திகைத்து நிற்கிறாள். மரியாதையோடு கேட்டுத் தெளிவுபெறாமல் அந்த மருந்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவளைப் பழக்குகிறோம். தெரியாததைத் தெரியாது, மூத்த செவிலியரைக் கேட்டுச் செய்வேன் என்று சொல்லவும் பழக்குகிறோம். அனுபவமுள்ள மேட்ரன் யாரும் அந்தப் பதிலுக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்றும் கேட்பார்கள். "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைக்கப்பட்ட மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் அது ஏட்டளவில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தொகையை அறிந்து போகிறவள் கூச்சமில்லாமல் பேச முடியும்.

முதல் வேலையை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கிடைக்கும் இடத்தைப் பார்க்காதே, எங்கே கற்றுக்கொள்வாய் என்று பார் என்கிறோம். மேலே கேட்டுத் தெரிந்துகொள்ள மூத்த செவிலியர் இருக்கிறாரா? ஒரே பிரிவில் ஒரு வருஷமாவது இருக்க விடுவார்களா? நியமன உத்தரவு எழுத்தில் தருவார்களா? அசல் சான்றிதழ்களைக் கேட்டால், காட்டலாம், நகல் கொடுக்கலாம். விட்டுவிட்டு வரக் கூடாது. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல.

அரசு வேலை விரும்புகிறவர்களுக்கு, 2012-ல் தமிழகத்தில் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020 முதல் நார்செட் என்னும் பொதுத் தேர்வு நடக்கிறது. இங்கிலாந்து செல்ல ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியைப் பி2 நிலை வரை கற்க வேண்டும்.

இங்கேதான் அபாயமும் இருக்கிறது. கேரளத்தில் ஒரு ஏஜென்சி மீது 2015-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. குவைத் செல்லும் செவிலியரிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19 லட்சத்து 50 ஆயிரம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அந்த ஆண்டே மத்திய அரசு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பொறுப்பை அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்றாயிற்று. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு உண்டு. இது தெரியாமல் வீட்டை அடகு வைக்கும் பெற்றோர் நம் சபைகளிலும் இருக்கிறார்கள்.

இனி உங்களில் சிலர் மனதில் உள்ள கேள்விக்கு வருகிறேன். "நம் பணத்தில் படித்த பிள்ளை வெளிநாடு போய்விட்டால், இந்த மருத்துவமனைக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்வி. நல்ல செவிலியர் ஒருவர் போகும்போது வார்டு தடுமாறுகிறது; புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் குறைகிறது. அந்த நஷ்டத்தை நான் மறைக்க விரும்பவில்லை. உதவிக்கு ஈடாக இத்தனை காலம் இங்கே பணிசெய்ய வேண்டும் என்று ஏற்பாடு இருந்தால், அதைச் சேர்க்கும்போதே பெற்றோர் முன்னிலையில் தமிழில் வாசித்துச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலம் முடிந்தபின் அவளை வாழ்த்தி அனுப்ப வேண்டும். முதல் இரண்டு வருஷம் இங்கே நன்றாகக் கற்பித்தால், அந்த இரண்டு வருஷமும் நம் நோயாளிகளுக்கு ஆதாயம். அனுபவம் அவளுக்கு ஆதாயம். குற்ற உணர்வினால் கட்டிப்போட்டவரிடம் நல்ல பராமரிப்பை எதிர்பார்க்க முடியாது. அவள் அனுப்பும் பணத்தில் தம்பி படிக்கிறான், தங்கை படிக்கிறாள். அந்த வீட்டுக்கு இரண்டாம் முறை நாம் உதவி செய்யத் தேவையில்லாமல் போகிறது.

உங்களிடம் கேட்பது மூன்று காரியங்கள். உங்களில் வங்கியில், பள்ளியில், அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறீர்கள். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை வந்து, மேஜைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளைக் கேள்வி கேளுங்கள். அறிமுகமில்லாதவர் கேட்டால்தான் பயம் தெளியும். இரண்டாவது, போதகரும் மூப்பர்களும் நற்சான்று எழுதும்போது, அறிந்ததை மட்டும் எழுதுங்கள். மூன்றாவது, உங்கள் சபையில் ஒரு தாயோ தகப்பனோ ஏஜென்டுக்குப் பணம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டால், கட்டுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இதற்குப் பணம் அதிகம் செலவாகாது. இந்த வருஷம் தேர்வு எழுதும் பிள்ளைகள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.